அடுப்பின் மேல் போட்ட பழி

போன வாரம் திருப்பதியில் எங்கள் வீட்டு கேஸ் அடுப்புக்கு வைத்தியம் பார்க்க ஒருவர் வந்தார். கம்பெனிச் சட்டை, கையில் போன், போனுக்குள் விலைப்பட்டியல். அடுப்பைக் குப்புறக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, இரண்டு வால்வு இறுகிப்போச்சு, தானாகப் பற்றிக்கொள்ளும் சங்கதி செத்துப் பல நாள் ஆச்சு, எல்லாம் மாற்றினால் நாலாயிரத்துச் சொச்சம் ஆகும் என்று தெலுங்கில் சொன்னார். வாங்கி எத்தனை வருஷம் என்று கேட்டார். ஒன்பது என்றேன். அதற்கு மேல் இதெல்லாம் தாங்காது மேடம், இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வந்துவிடும் என்றார். ஒன்பது வயதில் எங்கள் சித்தூர் வீட்டு அடுப்புக்குப் பால் பல்கூட விழுந்திருக்கவில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது, விட்டுவிட்டேன்.

அவர் ரப்பர் குழாயைக் கழற்றும்போது ஒரு நொடி கேஸ் வாசனை அடித்தது. ஜன்னலைத் திறந்துவிடப் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். மற்றவர்களுக்கு அம்மாவின் ஞாபகம் மல்லிப்பூவில் வரும், மஞ்சளில் வரும். எனக்கு கேஸ் வாசனையில்தான் வருகிறது. என்ன செய்ய, வாய்த்தது அப்படி.

சித்தூர் வீட்டில் இருந்ததை அடுப்பு என்று சொல்வது யானையைப் பிராணி என்று சொல்வது மாதிரி. மேலே நாலு பர்னர், கீழே ஆறு டின் கொள்ளும் ஓவன், வெள்ளை எனாமல் பூச்சு. மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா ஊரோடு போனபோது பங்களாச் சாமான்களை விற்றார்களாம். எங்கள் அப்பா, நைனா, மேசை வாங்கப் போனவர், இதை வாங்கிக்கொண்டு வந்தார். வேலூர்ப் பக்கத்திலிருந்து டெம்போவில் ஏற்றி, குடிபாலா தாண்டுமுன் டயர் வெடித்து, ரோட்டோரம் நாலு மணி நேரம் அதற்குக் காவல் உட்கார்ந்திருந்ததை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நைனா பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். விசில் ஊதித்தான் அதை வாசலிலிருந்து சமையலறைவரை நகர்த்தினார் என்று அம்மா சொல்வாள். அது எவ்வளவு நிஜமோ தெரியாது.

அம்மா மிஷன் பள்ளிக்கூட டீச்சர். எங்கள் சபையில் ஓவன் இருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். அதனால் டிசம்பர் பிறந்தால் கேக் டின்கள் வர ஆரம்பிக்கும். அவரவர் வீட்டில் மாவு கலந்து, டின்னில் ஊற்றி, பிளாஸ்திரித் துண்டில் பெயர் எழுதி ஒட்டிக் கொண்டுவருவார்கள். கூலி கிடையாது. கிறிஸ்துமஸ் காலையில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவர்கள் கேக்கில் ஒரு துண்டு வரும். அதற்கு அடுப்புப் பங்கு என்று பெயர். நாங்கள் சொந்தமாக ஒரு கேக்கும் சுட்டதில்லை. இருபத்தைந்து வீட்டு கேக் எங்கள் தட்டில் இருக்கும்போது எதற்கு?

அந்த ஓவனுக்கு வெளியே ஒரு குமிழும் அதைச் சுற்றி நம்பர்களும் உண்டு. அம்மா அதைத் திரும்பியும் பார்த்ததில்லை. கடிகாரமும் பார்க்கமாட்டாள். டின்னை உள்ளே தள்ளிவிட்டு முன்னறையில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பாள். திடீரென்று பேனாவை மூடிவிட்டு, "ரோசம்மா டின்னு ஆயிடுச்சு" என்று எழுந்து போவாள். போய்ப் பார்த்தால் ஆகியிருக்கும். எங்கள் ஊர் கேக்கில் சர்க்கரையைக் கருக்கி ஊற்றுவதால் மாவே கறுப்பாகத்தான் இருக்கும், நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்லமுடியாது. நடுவில் கதவைத் திறந்தால் கேக் அமுங்கிவிடும். ஆகவே மூக்குதான். ரோசம்மாள் அக்கா எதிர்வீடு. அவர் கிராம்பை அள்ளிப் போடுவார். இன்னொரு வீட்டில் ஆரஞ்சுத் தோல். ஆறு டின் ஒன்றாக வெந்தாலும் எது யாருடையது என்று அம்மாவுக்குத் தெரியும்.

வாசனை என்றதும் இன்னொன்று. நான் திருப்பதியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிறிஸ்துமஸ் முடிந்து அந்தத் துண்டுகளை ஆபீசுக்கு எடுத்துப்போவேன். என் பக்கத்து மேசைக்காரி ஐயங்கார் வீட்டுப் பெண், வீட்டுக்காரர் கோயில் கைங்கர்யம். முட்டை போட்டதைத் தொடமாட்டாள். ஆனால் டப்பாவைத் திறக்கச் சொல்லி, குனிந்து, கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "எனக்கு இது போதும்டி" என்பாள். இதை அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு வந்த பெருமையைப் பார்க்கவேண்டும். சாப்பிட்டுப் புகழ்ந்தவர்கள் ஒருவரும் அவளை அவ்வளவு சந்தோஷப்படுத்தியதில்லை.

வயசானால் அடுப்புக்கும் நோய் வரும். பால் பொங்கி வழிந்து பர்னர் துளை அடைத்துக்கொண்டு தீ மஞ்சளாக எரியும், பாத்திரமெல்லாம் கரி. குமிழ் இறுகி, இடுக்கி போட்டுத் திருப்பவேண்டிவரும். ஓவன் கதவைச் சுற்றியிருந்த கயிறு நைந்து சூடெல்லாம் சமையலறைக்கு வரும். எல்லாவற்றுக்கும் மஸ்தான் அண்ணன்தான் வருவார். சைக்கிளில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் அடுப்பைத் திட்டிக்கொண்டே சரிசெய்வார். முதலில் இருபது ரூபாயில் முடிந்தது, பிறகு இருநூறு. பிறகு உதிரிப்பாகமே கிடைக்காமல் மெட்ராஸில் தேடி, ஆயிரத்துக்கு மேல் போக ஆரம்பித்தது. தூக்கிப் போட்டால் என்ன என்று கேட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும். அதற்குச் செலவழிப்பதைக் கணக்குப் பார்க்காதே என்பாள்.

நைனா போன மறுவருஷம், மழைக்காலத்தில், அம்மாவுக்குப் பத்து நாள் காய்ச்சல். நான் லீவு போட்டு வந்து பார்த்துக்கொண்டேன். தேறிவிட்டாள். நான் திருப்பதிக்குத் திரும்பிவிட்டேன், சனிக்கிழமை சனிக்கிழமை வருவேன்.

அந்த டிசம்பரில் முதல் தவணை டின்கள் கருகின. அம்மா, ஓவனில் சூடு கட்டுக்கடங்கவில்லை என்றாள். மஸ்தான் அண்ணன் வந்து ஒரு மணி நேரம் தட்டினார். அடுத்த தவணை உள்ளே வேகாமல் மாவாக இருந்தது. மறுபடி மஸ்தான், மறுபடி தட்டல். நான் பணம் கொடுத்துக்கொண்டே இருந்தேன், முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தேன் என்பதையும் சொல்லவேண்டும். சபைப் பெண்கள் ஒருவரும் கோபப்படவில்லை. டீச்சர் என்ன செய்வார், பழைய அடுப்பு பாவம் என்றார்கள். ஆனால் மூன்றாம் வாரம் பாதி டின்கள் கடைத்தெரு பேக்கரிக்குப் போய்விட்டன. டீச்சருக்கு எதற்குச் சிரமம் என்றார்கள். அதைக் கேட்டு அம்மா சிரித்தாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அடுத்த வருஷம் இன்னும் மோசம். ஒருநாள் ரோசம்மாள் அக்கா தெருவைத் தாண்டி ஓடிவந்திருக்கிறார். "டீச்சர், கேஸு தெருவரிக்கும் அடிச்சிகினு கீது, உள்ள என்னா பண்றீங்க?" அம்மா அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாளாம். பழைய ட்யூப், லீக் ஆகிறது என்றாளாம். ரோசம்மாள் அக்கா குமிழைப் பார்த்தால், அது முழுக்கத் திறந்திருந்தது. இதை ரோசம்மாள் அக்காதான் போனில் சொன்னார். அப்போதும் எனக்கு அந்த அடுப்பின் மேல்தான் கோபம். இத்தனை படித்தவள், இரண்டும் இரண்டும் நாலு என்று கூட்டத் தெரியவில்லை பாருங்கள்.

அந்த நவம்பரில் அம்மா சபைக் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போயிருந்த நாளில், பழைய இரும்பை எடைக்கு எடுப்பவரைக் கூட்டிவந்து அந்த அடுப்பைக் கொடுத்துவிட்டேன். நாலு பேர் வந்து, வாசல் வழியாகப் போகவில்லை என்று சம்மட்டியால் ஓவன் கதவைத் தனியாக உடைத்தெடுத்தார்கள். அந்த இடத்தில் கண்ணாடி மேல்தளம் போட்ட புது அடுப்பும், பக்கத்தில் கரண்டில் ஓடும் ஓவனும் வைத்தேன். நேரம் குறித்தால் மணி அடித்துத் தானே நின்றுவிடும் ஓவன். அம்மா வந்து பார்த்தாள். புது அடுப்பின் கண்ணாடியை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றாள். சந்தோஷத்தை மறைக்கத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதோடு நின்றேனா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மாதர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, டீச்சர் வீட்டுக்குப் புது ஓவன் வந்திருக்கிறது, இனிமேல் கருகாது, எல்லாரும் பழையபடி டின் கொண்டுவாருங்கள் என்று அறிவித்தேன். கை தட்டினார்கள். அம்மா இரண்டாம் வரிசையில் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை சாயங்காலம். ரோசம்மாள் அக்காவின் இரண்டு டின்களை நானே ஓவனில் வைத்து, மணியும் குறித்துவிட்டு, கேரல் பாட்டுப் பயிற்சிக்குப் போனேன். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே கருகல் நாற்றம். ஓடினேன். சமையலறையில் மெல்லிய புகை. அம்மா ஓவனுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால் புகையைக் கவனிக்கவில்லை. மணி அடித்ததும், பெரிய டின் ஆயிற்றே, வெந்திருக்காது என்று இன்னும் கொஞ்ச நேரம் திருப்பி வைத்திருக்கிறாள். காலடி கேட்டுத் திரும்பாமலே சொன்னாள்.

"இன்னும் அஞ்சு நிமிசம் ஆவும். இப்பதான் வாசன வர ஆரம்பிச்சிருக்குது."

நான் போய் ஓவனை அணைத்தேன். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"கருகிடுச்சா?"

தலையாட்டினேன். அம்மா எழுந்திருக்கவில்லை. முந்தானையால் ஸ்டூலின் ஓரத்தைத் துடைத்தாள், அங்கே ஒன்றும் இல்லை.

"அந்த அடுப்பு இருந்திருந்தா அதுமேல போட்டிருப்பேன். இப்ப யார்மேல போடறது?"

பிறகு எல்லாம் சொன்னாள். காய்ச்சல் வந்துபோனதிலிருந்து மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. சோப்பு, கருவாடு, கேஸ், எதுவும். மஸ்தானுக்கு முதல் மாதமே தெரியுமாம். குழாயைக் கழற்றிவிட்டு வாசனை வருகிறதா என்று கேட்டிருக்கிறார். இவள் அவர் முகத்தைப் பார்த்து விழித்திருக்கிறாள். யாருக்கும் சொல்லாதே, வந்து ஒரு மணி நேரம் தட்டிவிட்டுப் போ, சத்தம் வெளியே கேட்கட்டும் என்று இவள்தான் கேட்டுக்கொண்டாள். நல்லாயிருந்த அடுப்பை அந்த மனிதர் வேலை மெனக்கெட்டு வந்து தட்டியிருக்கிறார். டீச்சருக்கு வாசனை தெரியவில்லை என்று ஊர் சொல்வதைவிட அடுப்பு கெட்டுவிட்டது என்று சொல்வது அவளுக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது. அதைத்தான் நான் எடைக்குப் போட்டேன். எனக்கு அவமானமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

"நைனா சட்ட ஒன்னு தொவைக்காம வெச்சிருந்தேன்" என்றாள். "தெனம் எடுத்து மோந்து பாக்கறேன். வரல."

அன்றைக்கே கருகிய டின்களைத் தானே தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். நான் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். ரோசம்மாள் அக்காவிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கிறிஸ்துமஸ் காலையில் அவர் வந்தார். கருகலைக் கத்தியால் சுரண்டி, நடுவிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அடுப்புப் பங்கு என்று தட்டில் வைத்தார். அம்மா அதை முழுசாகச் சாப்பிட்டாள். அந்த வருஷம் வந்த துண்டு அது ஒன்றுதான். அதற்குப் பிறகு யாரும் டின் கொண்டுவரவில்லை. எல்லாரும் முன்னைவிட மரியாதையாகப் பேசினார்கள்.

வேலூரில் டாக்டர்கள் பார்த்தார்கள். திரும்பினாலும் திரும்பும், இல்லாமலும் போகும் என்றார்கள். திரும்பவில்லை. தனியாக விடப் பயந்து அம்மாவைத் திருப்பதிக்குக் கூட்டிவந்துவிட்டேன். சித்தூர் வீட்டை விற்றாயிற்று. இப்போது அங்கே தெருவுக்கு மூன்று பேக்கரி, எல்லாக் கடையிலும் கேக் ஒரே மாதிரி மணக்கிறது, எந்த வீட்டுடையது என்று கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. மஸ்தான் அண்ணனும் போய்விட்டார். நான் கடைசிவரை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இங்கே வந்தும் அம்மா சமையலை விடவில்லை. நான் பக்கத்தில் நின்று குமிழை மட்டும் பார்த்துக்கொள்வேன். ரசத்துக்குத் தாளித்துக் கொட்டிவிட்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்துக் கேட்பாள்.

"வாசன வருதா?"

"வருதும்மா. கீழ்வீட்டுக்கே போயிருக்கும்."

பெருங்காயம் போட மறந்த நாளிலும் அதைத்தான் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு மூடி போட்டு மூடுவாள். ஆறு வருஷம், ஒருநாள்கூட வரவில்லை என்று நான் சொன்னதில்லை.

அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. இன்று காலை ரசம் வைத்தேன். நன்றாகவே மணத்தது. கேட்க ஆள் இல்லை.