அக்கரப்பத்தனையில் வாங்கிய வெள்ளைக் குதிரை

1957 மார்ச், ஒரு சனிக்கிழமை. காலை ஆறேகாலுக்குத் தலவாக்கலையில் பஸ் ஏறினேன். அக்கரப்பத்தனைக்கு ஏறக்குறைய பன்னிரண்டு மைல். ஹட்டன் பஜார் துணிக்கடைக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று கண்டக்டர் கேட்டார். குதிரை வாங்கப் போகிறேன் என்றதும் பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் குதிரைக் காட்சி. நடையையும் நிற்கும் அழகையும் பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். எங்கள் பஜாரிலிருந்து ஒருவரும் அதில் குதிரை இறக்கியதில்லை. இந்த வருஷம் நான் இறக்கப்போவதாக ஹட்டன் முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. நொண்டிக் குதிரையோடு திரும்பினால் கடையில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது.

எட்டு மணிக்குத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தேன். விற்பவர்கள் சின்னையா, ராமன் என்ற அண்ணன் தம்பி. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரப் பெரிய துரையின் குதிரையைப் பார்த்துக்கொண்டவர்கள். துரை சீமைக்குப் போகும்போது குதிரையை இவர்களுக்கே கொடுத்துவிட்டாராம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்றது. நல்ல வெள்ளை. பல்லைப் பார்த்தேன், குளம்பைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் தெரிந்தவன் மாதிரி கொஞ்சம் முகத்தையும் சுளித்தேன்.

“புதுத் தொரை ஜீப்புல போறாருங்க. இதுக்குக் கொள்ளு வாங்கிப்போட எங்களுக்குக் கட்டுபடியாகல மொதலாளி,” என்றார் சின்னையா. நானூற்று ஐம்பது ரூபாய்க்கு முடிந்தது. ராமன் அதன் கழுத்தைத் தடவிவிட்டு, முகத்தைக் காட்டாமல் உள்ளே போய்விட்டார்.

மூன்று மைல் கீழே, டவுனில் நான் பேசி வைத்திருந்த லொறி நின்றது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். ஒன்பதேகாலுக்குக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வந்ததும் குதிரை நின்றுவிட்டது. இழுத்தேன், தட்டினேன், கெஞ்சினேன். அரை மணி ஆயிற்று. காலில் ஏதோ கோளாறு, தலையில் கட்டிவிட்டார்கள் என்றே முடிவு செய்தேன்.

நிறுக்கக் காத்திருந்த பெண்களில் சிவகாமி என்பவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

“காலுக்கு ஒண்ணும் இல்லைங்க. தொரை தெனம் இங்க நிப்பாட்டி எங்க கொழுந்தப் பாப்பாரு. நாங்க சலாம் போட்டாத்தான் குதிரைய நகத்துவாரு. அது அப்படியே பழகிப்போச்சு.”

போன உயிர் திரும்பி வந்தது. காட்சியில் நடுவர் முன்னால் அசையாமல் நிற்கக் குதிரையை மாதக்கணக்கில் பழக்குகிறார்கள். எனக்கு அது சேர்ந்தே கிடைத்திருக்கிறது.

“அப்ப ஒரு சலாம் போடுங்கம்மா, போயிர்றேன்.”

“பதினாறு வருசம் போட்டாச்சுங்க. இனிமே குதிரைக்கு வேற போடணுமா? நீங்க வாங்கின குதிரை, நீங்களே போடுங்க.”

வரிசை முழுக்கச் சிரித்தது. வேறு வழியில்லை. குதிரைக்கு முன்னால் போய் நின்று, கையை நெற்றிக்கு உயர்த்தி, “சலாம் தொரை,” என்றேன். ஒன்றுமே நடக்காதது போல அது நடந்தது. லொறியில் ஏறும்வரை எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

திங்கட்கிழமை கடை திறந்தேன். தோட்டத்து அம்மா ஒருவர் வாசலில் நின்று, வழக்கம்போல, “சலாமுங்க மொதலாளி,” என்றார். இருபது வருஷமாக உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்ட சலாம். அன்று எழுந்து நின்று பதிலுக்குச் சலாம் போட்டேன்.

அவர் பயந்துபோய்ப் பின்வாங்கினார். “சீல வெல ஏறிப்போச்சுங்களா?” என்று கேட்டார்.