திங்கட்கிழமைக் கையெழுத்து

கூத்தையா கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவை வேட்டியில் துடைப்பார். உள்ளங்கையில் ஒரு கோடு கிழித்துப் பார்ப்பார். பிறகு, நாற்று நடுகிறவர் மாதிரிக் குனிந்து ஒவ்வொரு எழுத்தாக ஊன்றிவிட்டு, பால்பாயிண்ட் மைதான் என்றாலும் மூன்று தரம் ஊதிக் காயவைப்பார்.

ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் மடையில் தண்ணீர் முறைக்காக நடந்த சண்டையில், பக்கத்து வயல் மூக்கையாவின் மண்டையை மண்வெட்டிக் காம்பால் பிளந்தவர் அவர். நாலு தையல். முதல் குற்றம் என்பதால் கோர்ட் சிறைக்கு அனுப்பவில்லை. ஒரு வருசம் ஒழுங்காக இருக்க வேண்டும், திங்கள்தோறும் இராமநாதபுரம் போய் நன்னடத்தை அலுவலர் சுகந்தியிடம் கையெழுத்துப் போட வேண்டும் என்றது. தண்டனை என்று பேர்தான். ஜன்னலோர சீட்டு, பஸ் ஸ்டாண்டில் இரண்டு பருப்பு வடை, சந்தையில் எதையும் வாங்காமல் எல்லாவற்றுக்கும் விலை கேட்பது என்று அறுபது வயதில் அவருக்கு முதன்முதலாக வார விடுமுறை கிடைத்திருந்தது.

அதில் வந்து விழுந்தது சீர்திருத்தம்.

"ஒங்களுக்கு ஒரு நாள் கூலி போகுதுல்லய்யா, இனிமே அலைய வேணாம்" என்றார் சுகந்தி. "திங்கக்கெழம பத்து மணிக்கு நானே வீடியோவுல கூப்புடுவேன். வீட்ல இருந்தாப் போதும். இல்லேன்னா கோர்ட்டுக்கு எழுதிருவேன். உள்ள போயிருவீக."

மனைவி பூமயிலிடம் கூத்தையா மூச்சுவிடவில்லை. அடுத்த திங்களும் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். பத்து மணிக்குப் போன் அடித்தபோது பஸ் ஸ்டாண்டில் வடையும் கையுமாக நின்றார்.

"எங்க இருக்கீக?"

"வீட்லதாம்மா."

"பின்னால என்ன பஸ்ஸு?"

"வாசல்ல போகுது."

"நாலு பஸ்ஸு நிக்குதே?"

"இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்திதாம்மா."

"பரமக்குடி, மானாமதுர, மதுரயெல்லாம் ஏறு!" என்று பக்கத்தில் கண்டக்டர் தொண்டை கிழியக் கத்தினார்.

"அது யாரு?"

"எம் மச்சினன். வந்தான்னா இப்படித்தான் கத்திக்கிட்டுக் கெடப்பான்."

"அங்கனயே நில்லுங்க. வாரேன்."

ஜெயில்தான் என்று முடிவுகட்டி, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"ஏன்யா, வீட்ல இருக்கச் சொன்னா அவ்வளவு கஷ்டமா?" வந்ததும் கேட்டார் சுகந்தி.

"கோர்ட்டு என்னய வெளிய விட்டுச்சு. நீங்கதேன் உள்ள போடுறீக, தாயி."

சுகந்தி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், 'நேரில் வந்தே கையெழுத்திடலாம்' என்று கோப்பில் எழுதினார்.

அந்தக் கோப்பில் முந்தின வாரமே ஒரு மனு சேர்ந்திருந்தது கூத்தையாவுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வீடியோ ஏற்பாடு பற்றி வீட்டுக்கு வந்த நோட்டீசைப் படித்ததுமே பூமயில் எழுதிப் போட்டது: வீடியோ வேண்டாம், இவரைத் திங்கள்தோறும் அங்கேயே வரவழையுங்கள். கீழே சாட்சிக் கையெழுத்து மூக்கையாவுடையது. திங்கட்கிழமைதான் மூக்கையா வயலுக்குத் தண்ணீர் முறை.