ஏழு பேரில் கடைசிப் பேர்

விரட்டிவிட்டார்களா? யார் சொன்னது, மொக்கம்மாளா? பால் சொசைட்டியில் கேனை இறக்கி வைத்துவிட்டு, "பாண்டீஸ்வரியப் பெங்களூர் கம்பெனிக்காரன் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிட்டானாம்ல" என்று அவள் ஆரம்பித்தால், வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் 'உச்சு' கொட்டிவிடுவதா? கழுத்தைப் பிடித்ததைக் கண்ணால் பார்த்தது யார்? "ஏதோ தப்புப் பண்ணியிருப்பா. இல்லைன்னா அம்புட்டுப் பெரிய வேலையை எவ விடுவா?" என்று இன்னொருத்தி. தப்பும் இல்லை, தள்ளவும் இல்லை. ராக்கையா மகள் தன் காலால் நடந்து வெளியே வந்தாள். நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்பெனியைப் பழி சொல்ல நான் வரவில்லை. ஒன்பது வருசம் அந்தப் பிள்ளையை நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அம்மாவுக்குப் போன் போட்டு, "மத்தியானச் சோறு ஓசிம்மா, எட்டு வகைக் கூட்டு" என்று சிரித்தாள். முதுகுக்குத் தக்கபடி ஏற்றி இறக்கிக்கொள்கிற நாற்காலி கொடுத்தார்கள். அதையெல்லாம் விடுங்கள். கூட்டத்தில் இவள் பேச எழுந்தால், பேசி முடிக்கிற வரை ஆம்பளைகள் காதுகொடுத்துக் கேட்டார்கள். நம் கம்பம் ஊரில் எந்தக் கூட்டத்தில் அது நடந்திருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

வேலையும் லேசுப்பட்ட வேலை இல்லை. கம்பமெட்டு மலைப்பாதையில் மண் சரிந்தால், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்காரன் போனில் முன்கூட்டியே பார்த்து வண்டியைத் திருப்புகிறானே, அந்த மாதிரி வழி காட்டுகிற படத்தில் வருகிற பழுதைச் சரிபார்ப்பது இவள் வேலை. ஊருக்கு வந்தால், ஸ்டாண்டில் ஜீப்காரர்கள் போனை நீட்டி நீட்டிக் காட்டுவார்கள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

போன வருசம் தை மாசம் ராக்கையா பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் மருந்து அடித்துக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மதுரைக்குக் கொண்டுபோய் நெஞ்சைத் திறந்து ஆபரேசன். கம்பெனி இன்சூரன்ஸ் கார்டை நீட்டினாள். வேறு எதையும் யாரும் கேட்கவில்லை. பெற்றவனுக்கும் சேர்த்துப் பார்க்கிற கம்பெனி. அதை மறந்துவிட்டுப் பேசினால் நாக்கு அழுகிப்போகும்.

ஆறு வாரம் அப்பன் பக்கத்திலேயே இருந்தாள். அந்த ஆறு வாரம் அவள் வேலையைச் செய்தது யார்? பக்கத்து நாற்காலி ஜெபஷீலா. நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை, அப்போது ஏழு மாசக் கர்ப்பிணி. தன் வேலையை முடித்துவிட்டு இவள் வேலையையும் எடுத்துச் செய்தாள்.

"எல்லாத்தையும் உன் பேருக்கு மாத்திக்க ஜெபா" என்று இவள் ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னாள்.

"அதுக்கு ஆயிரம் பேர்ட்ட கேக்கணும். நீ முதல்ல அப்பாவப் பாரு."

அதோடு இரண்டு பேரும் அதை மறந்துவிட்டார்கள். நம் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டக்காரி ஒரு நாள் தண்ணீர் பாய்ச்சிவிட்டால், யார் பாய்ச்சியது என்று நாம் எழுதியா வைக்கிறோம்? ஆனால் அந்தக் கம்பெனி மிஷின், வேலை எவர் பேரில் இருக்கிறதோ அவர் பேரில்தான் ஏற்றிக்கொள்ளும். மாசியில் ஜெபஷீலா பிரசவ லீவில் போனாள். சித்திரையில், "இந்த வருசம் நீதான் ரொம்ப வேலை பார்த்திருக்க" என்று பாண்டீஸ்வரியை ஏழு பேருக்குத் தலைவியாக்கினார்கள். அந்த ஏழில் ஜெபஷீலாவும் ஒருத்தி.

மார்கழி வந்தது. மேலதிகாரி சுரேஷ்கண்ணன் அறைக்குக் கூப்பிட்டார். தேவதானப்பட்டிக்காரர், நல்ல மனுசர். கம்பெனியில் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று வழக்கம்; இவளுக்கு வாய் வராது, சார்தான்.

"உன் ஏழு பேர்ல கடைசி ஆள் யாருன்னு எழுதிக் குடு."

"ஏழு பேரும் நல்லாத்தான் செஞ்சிருக்காக சார்."

"இருக்கட்டும். வருசா வருசம் ஒவ்வொரு தலைவரும் ஒரு பேர் குடுக்கணும்ங்கிறது கம்பெனி சட்டம். மூணு மாசம் பார்த்துட்டு அனுப்பிருவாக. நானே எனக்குக் கீழ இருக்குற வேற கூட்டத்துல ரெண்டு பேர் எழுதிக் குடுத்துட்டுத்தான் உக்காந்திருக்கேன்."

எழுதினால் எந்தப் பேர் வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆறு மாசம் லீவில் இருந்தவள் பேருக்கு எதிரேதான் வேலை கம்மி. இவள் அந்த ஆறு வாரத்துக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்தார்.

"நெசம்தாம்மா. ஆனா எதுலயும் ஏறலையே. இப்பப் போயி மாத்தினா, உனக்கு எதுக்குத் தலைமை குடுத்தோம்னு என்னையக் கேப்பாக." அப்புறம், "உங்க திராட்சைக்குக் கவாத்து பண்றதில்லையா? கொடி மேல இரக்கப்பட்டா காய்க்குமா?" என்றார்.

"எங்கப்பா கவாத்து பண்ணினா எல்லாக் கொடியும்தான் சார் வெட்டுவாரு. ஏழுல ஒண்ணுன்னு எண்ணி வெட்ட மாட்டாரு."

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, "யாராச்சும் தானாப் போனா, இந்தத் தடவை பேர் குடுக்க வேண்டியதில்லை. உன் பயலுகள்ல எவனும் வேற எடம் பார்க்குறானா, விசாரி" என்றார்.

அவர் நினைத்தது வேறு. இவள் மனசில் விழுந்தது வேறு: தலைவியே போனாலும் ஓர் ஆள் குறைந்த கணக்குத்தானே.

அன்றைக்கே விலகிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். நான்கு நாள் தவித்தாள். வேலையை விட்டால் அந்த இன்சூரன்ஸ் கார்டும் போய்விடும். ஒருதரம் திறந்த நெஞ்சுக்கு இன்னொருத்தன் சுலபத்தில் கார்டு கொடுக்க மாட்டான். ராக்கையா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மதுரைக்குப் போயாக வேண்டும். அப்பனிடமே கேட்டாள்.

"கார்டு போயிருமா?" என்றான் ராக்கையா.

"போயிரும்ப்பா."

"அந்தப் பிள்ளைக்குப் புருசன் சம்பாதிக்கிறான்ல?"

"சம்பாதிக்கிறாரு. ஆனா செஞ்ச வேலை அவளோடதுப்பா. அத வச்சுத்தான் நான் மேல போயி உக்காந்திருக்கேன்."

"எனக்குப் பிடிக்கலை. என்னமும் செய்யி" என்று போனை வைத்துவிட்டான். மூன்று நாள் பேசவில்லை. மகள் போட்டாலும் எடுக்கவில்லை. நான்காம் நாள் அவனே போட்டான்.

"தேனி பெரியாஸ்பத்திரியில நெஞ்சுக்குப் பாக்குறாகளாம். நம்ம பேச்சிமுத்து அங்கனதான் போறான். வெள்ளன போயி வரிசையில நிக்கணுமாம். நிக்கிறேன்."

"அப்பா..."

"இப்பவும் எனக்குப் பிடிக்கலைத்தா."

மகள் அன்றைக்கே எழுதிக் கொடுத்தாள். சுரேஷ்கண்ணன் இரண்டு தடவை கூப்பிட்டு, "யோசிச்சுத்தான் செய்றியா?" என்று கேட்டார். "யோசிச்சுட்டேன் சார். கடைசிப் பேரு கேட்டிங்கள்ல, இதுதான்."

இனி அந்த ஏழில் பேர் கேட்பதில்லை என்று அவரையும் சொன்ன பேச்சைக் காப்பாற்ற வைத்தாள். ஜெபஷீலாவுக்கு ஒரு வார்த்தை தெரியக் கூடாது. இன்று வரை அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நீங்களும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள்.

கடைசி நாள் லேப்டாப்பைக் கொடுத்தாள், கழுத்துக் கார்டைக் கழற்றிக் கொடுத்தாள். வருத்தமே படவில்லை என்று சொன்னால் அது பொய். நாற்காலியை ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு ஜெபஷீலா கீழே வரை கூடவே வந்தாள்.

"திடுதிப்புன்னு ஏன் ஈஸ்வரி? வேற பெரிய கம்பெனியா? என்கிட்டயே மறைக்கிற பாத்தியா."

"ஊர்ல அப்பா தனியா மருந்து அடிக்கிறாரு ஜெபா."

அந்தக் கட்டடத்தின் கண்ணாடிக் கதவு கார்டைக் காட்டினால்தான் திறக்கும், உள்ளே வரவும் வெளியே போகவும். பாண்டீஸ்வரி கதவு முன்னால் போய், ஒன்பது வருசப் பழக்கத்தில் கழுத்தைத் தடவினாள். ஒன்றும் இல்லை. வெறும் கழுத்தில் கையை வைத்தபடி நின்றாள்.

"இரு, இரு" என்று ஜெபஷீலா முன்னால் வந்து, தன் கார்டை எடுத்துக் காட்டினாள். கதவு திறந்தது. பாண்டீஸ்வரி பையை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.