இரண்டாம் சரணத்துக்கு முன் ஒரு பொன்னாடை

போன சனிக்கிழமை ஒரு பொன்னாடை என் மானத்தை வாங்கப் பார்த்தது.

சுவிஸில், பேர்ண் நகரில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழா. நடனம், நாடகம், பேச்சு, நீண்ட பேச்சு, மிக நீண்ட பேச்சு... உங்களுக்குத் தெரியாததா? இந்த முறை புதிதாக ஏதாவது செய்வோம் என்று விழாக் குழுவில் ஒருவர் ஆரம்பித்தார். என் வாய் சும்மா இருக்குமா? "மெலனியைக் கூப்பிடுங்கோவன்" என்றேன்.

மெலனி ஜாஸ், சோல் பாடகி. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று என்னிடம் கேட்காதீர்கள். முதலாவதைக் கேட்டால் தலை ஆடும், இரண்டாவதைக் கேட்டால் கண் கலங்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

லோசானுக்குப் பக்கத்தில், ரெனானில் பிறந்தவள். தகப்பன் அந்தோனி அண்ணை, ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மெலனி பாடத் தொடங்கியது ஞாயிறு பூசையில், பாடகர் குழுவில். அங்கேயே பிரச்சினை. ஒவ்வொரு வரியையும் இழுப்பாள், வளைப்பாள், தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேருவாள். "பிள்ளை, ஆண்டவரைக் காக்க வைக்காதை, கெதியாப் பாடு" என்று குழுத் தலைவி ஏசுவாராம்.

பிறகு லாப், அதாவது ஆய்வுகூட வேலைக்குப் படித்தாள். கூட வேலை செய்த ஒருத்தி ஒரு நாள் நிலக்கீழ் கிளப் ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போக, அங்கே யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடலாம் என்றார்கள். ஏறினாள். இழுத்ததற்கும் வளைத்ததற்கும் சனம் எழுந்து நின்று கைதட்டியது! அதற்குப் பிறகு இசைக் கல்லூரி, நாலு பேர் கொண்ட பாண்ட், சுவிஸிலும் ஜெர்மனியிலும் சின்னச் சின்ன மேடைகள், ஒரு ஆல்பம். 'இவர் குரலில் கிழக்கின் மர்மம்' என்று ஒரு பத்திரிகை எழுதியது. "ரெனானுக்குக் கிழக்கை லோசான்தானே அக்கா இருக்கு?" என்று என்னிடம் கேட்டுச் சிரித்தாள்.

நம் ஆட்கள் மர்மம் எல்லாம் பார்க்கவில்லை. அவர்களுக்கு ஒரே கேள்விதான்: "பாட்டுச் சரி பிள்ளை, வேலை என்ன?"

இந்த நாட்டில் வேலையை வீதக் கணக்கில்தானே சொல்வோம்? மெலனி லாப்பில் ஐம்பது வீதம், அதாவது அரைநேரம். மிச்ச நாட்கள் பாட்டு. இப்போது அந்த லாப்பில் நூறு வீத வேலை தருகிறோம், திங்கட்கிழமை பதில் சொல் என்றிருக்கிறார்கள். முழுநேர வேலைக்குப் போனால் ஊர் ஊராகப் போய்ப் பாட முடியாது. பாண்டும் இவளுக்காகக் காத்திருக்காது.

விழாவன்று பேர்ண் ஸ்டேஷனுக்கு அவளைக் கூட்டிவரப் போனபோதுதான் இதைச் சொன்னாள்.

"ஓம் எண்டு சொல்லப்போறன் அக்கா. களைச்சுப் போனன். அப்பாவும் நூறு வீதம் எடு எடு எண்டு ஒரே பாட்டு. இண்டைக்கு எங்கட சனத்துக்கு முன்னாலை ஒருக்காப் பாடிப்போட்டு, பாட்டை விடுவம்."

கடைசிக் கச்சேரி என்று தெரிந்திருந்தால் இந்த நீண்ட பேச்சுகளுக்கு நடுவிலா கூப்பிட்டிருப்பேன்?

அந்தோனி அண்ணையும் கூட வந்திருந்தார். மகள் பாடும் மேடைக்கு முன்னால் அவர் உட்காருவது அதுவே முதல் தடவை. தமிழ் விழா என்றபடியால் வந்தாராம். மண்டபத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்து கையைக் கட்டிக்கொண்டார். முகத்தில் சிரிப்பே இல்லை.

மெலனி தன் பாண்டோடு மேடையேறி, சொந்தப் பாட்டு ஒன்றை எடுத்தாள். ஆங்கிலப் பாட்டு, மெதுவான பாட்டு. முதல் சரணம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். சாக்ஸபோன்காரர் முன்னால் வந்து ஊதினார் பாருங்கள்... அப்படி ஒரு ஊதல்! அவர் முடித்ததும் பின்வரிசையில் இருந்த இரண்டு மூன்று வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். அவர்களைப் பார்த்து எங்கள் சனமும் தட்டியது. மண்டபமே தட்டியது.

வந்தது வினை. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து அறிவிப்பாளர் தம்பி பிரதம விருந்தினரையும் பொன்னாடையையும் கூட்டிக்கொண்டு மேடைக்கு ஓடிவிட்டார். மெலனி கண்ணைத் திறக்கிறாள் — தோளில் பொன்னாடை! பாண்ட் பாவம், என்ன செய்யும்? அதே நாலு சுரத்தைச் சுற்றிச் சுற்றி வாசிக்கிறது. "பாடகி அவர்களுக்கு எமது மனமார்ந்த நன்றிகள். அடுத்த நிகழ்வாக..." என்கிறார் தம்பி. மேடை ஓரத்தில் சலங்கை கட்டிய பிள்ளைகள் தயார்.

நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் கைதட்டுகிறோமே, அப்போது யாராவது பொன்னாடையோடு ஓடுகிறோமா? பாடகர் திரும்பப் பல்லவிக்கு வருவார் என்று நமக்குத் தெரியும். ஜாஸிலும் அதேதான் ஐயா! ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? மெலனி மைக்கைப் பார்த்தாள், பொன்னாடையைப் பார்த்தாள், மைக்கைத் திரும்பத் தாங்கியில் வைக்கப் போனாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அப்போதுதான் பக்கத்துக் கதிரை கிறீச்சிட்டது. அந்தோனி அண்ணை எழுந்து நிற்கிறார்.

"தம்பி, இறங்கும்! பாட்டு இன்னும் முடியேல்லை. இரண்டாம் சரணம் கிடக்கு. பிள்ளையைப் பாட விடும்!"

பிரதம விருந்தினர்தான் முதலில் இறங்கினார். மெலனி தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாண்ட் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு பொன்னாடையோடேயே இரண்டாம் சரணத்தை எடுத்தாள். எத்தனையோ தடவை அவள் பாடிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குப் பாடியதுபோல் கேட்டதில்லை. என் பக்கத்தில் நின்ற அந்தோனி அண்ணையின் உதடு ஒவ்வொரு சொல்லுக்கும் அசைந்ததையும் பார்த்தேன்.

விழா முடிந்து, ரோல்ஸும் தேத்தண்ணியுமாக நிற்கும்போது மெலனி மெதுவாகக் கேட்டாள். "அப்பா, இரண்டாம் சரணம் இருக்கெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஏன், எனக்குக் காது இல்லையோ? எங்கட வீட்டுச் சுவர் அட்டை மட்டைதானே. நீ உன்ரை அறைக்குள்ளை பாடினது முழுக்க நான் கேட்டனான்."

"நெடுகலும் ஏசினீங்கள்."

"கீழ்வீட்டு மதாம் வந்து சண்டை பிடிச்சால் ஆர் பதில் சொல்லுறது? சத்தத்தைக் குறை எண்டுதான் ஏசினனான். நிப்பாட்டு எண்டு ஒருநாளாவது சொன்னனானோ?"

"பிறகேன் நூறு வீதம் எடு எண்டு சொன்னனீங்கள்?"

அந்தோனி அண்ணை ரோல்ஸைக் கடித்தார், மென்றார், விழுங்கினார். "தகப்பன் எண்டால் அப்பிடித்தானே சொல்லவேணும்" என்றார்.

நாங்கள் எல்லோருமே இப்படித்தானோ? பிள்ளையிடம் சொல்வது ஒன்று, சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்பது இன்னொன்று. பிள்ளைக்குக் காதில் விழுவது சொன்னது மட்டும்தான். அது பாவம், வேறெதை வைத்து முடிவெடுக்கும்?

திங்கட்கிழமை மெலனி லாப்புக்குப் போய், ஐம்பது வீதமே போதும் என்று சொல்லிவிட்டாள்.

அன்று பின்னேரமே அந்தோனி அண்ணை எனக்குப் போன் எடுத்தார். சரியான கோபம். கையில் வந்த முழுநேர வேலையை யாராவது விடுவார்களா, நீர்தான் என் பிள்ளையைக் கெடுத்தது என்று பொரிந்து தள்ளினார்.

கடைசியில், அதே கோபக் குரலில் கேட்டார்: "அடுத்த மாதம் பாசலிலை பாடுறாளாம்... முன்வரிசையிலை இடம் பிடிக்கிறதெண்டால் எத்தினை மணி ரயிலுக்கு வரவேணும்?"