பல் கட்டுமுன் நான் பிடித்த விரதம்

என் பற்களையெல்லாம் பிடுங்கிய டொக்டர், பல் முரசு ஆற மூன்று மாதமாகும், பிறகுதான் பல்செட் கட்டலாம் என்றார். ஊரில் நிமிர்ந்து நடந்தவள் நான். பொக்கை வாயை ஒருவருக்கும் காட்டாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தேன்.

அதற்குள் சண்டை மூண்டு, ஊருக்குள் குண்டு விழும் ஷெல்லடி தொடங்கியது. ஊரோடு ஓடி ஒரு மாதா கோயிலில் தங்கினோம். எல்லோரும் வரிசையாக இருந்து சாப்பிட வேண்டும். மென்றால் என் வாயை ஊரே பார்க்குமே! சேலைத் தலைப்பால் வாயை மூடி, "விரதம்" என்று இரண்டு நாள் தேநீரோடு கிடந்தேன்.

மூன்றாம் நாள், பக்கத்துப் பாயில் இருந்த குருநகர் மீன்காரப் பெண் கேட்டார்.

"உந்த விரதம் எந்தச் சாமிக்கு அக்கா?"

நான் சேலைத் தலைப்பை வாயோடு இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவர் எல்லோருக்கும் முன்னால் தன் பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துச் சிரித்தார்.

"எனக்கும் ஒண்டுமில்லை, பாருங்கோ! கட்டின புதுசிலை வாய்க்குள்ளை செருப்பை வைச்ச மாதிரித்தான் இருக்கும். புண்ணும் வரும். பிறகு பழகிப்போம். இப்ப சாப்பிடுங்கோ."

சோற்றைப் பருப்போடு பிசைந்து தந்தார். தலைப்பை விட்டுவிட்டு, இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். ஒருவரும் என் வாயைப் பார்க்கவில்லை. அவரவர் பசி அவரவருக்கு.

பிறகு செட் கட்டியபோது, அவர் சொன்னபடி செருப்பாகத்தான் இருந்தது. நான் பயப்படவில்லை.