கெட்டுப்போன துணியால் வளர்ந்த நூலகம்

சில வருடங்களுக்கு முன், திருப்பூரில் பின்னலாடைச் சாயங்களை ஆராயும் சிறிய மையம் ஒன்றில் நூலகராகச் சேர்ந்தேன். நூலகம் என்றால் ஒரே அறை, நான்கு பீரோ, சாயம், நூல், தண்ணீர் பற்றிய ஆங்கில ஆய்விதழ்கள். படித்தவளாயிற்றே! எல்லாவற்றுக்கும் முறைப்படி எண் போட்டு, லேபிள் ஒட்டி வைத்தேன். ஒரு ஈ, காக்காகூட வரவில்லை.

"மாசக் கடைசி வரைக்கும் பார்க்கலாமுங்க. ஆள் வரலைன்னா ரூமை சாம்பிள் வைக்க எடுத்துக்கறோம்" என்றார் இயக்குநர். எனக்குப் பகீரென்றது.

ஒரு மதியம், சாயப்பட்டறை மாஸ்டர் ஒருவர் ரோஸ் நிறத் துணித் துண்டோடு வந்தார். அதே சாயம், அதே அளவு, ஆனால் நிறம் மங்கிவிட்டதாம். பீரோக்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு எதையும் எடுக்காமல் கிளம்பினார். எனக்குச் சுர்ரென்று கோபம். "எல்லாம் நம்பர்படிதானே இருக்கு!" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க அம்மிணி. உங்க நம்பரு எனக்கென்னங்க தெரியும்? துணி கெட்டதுதானுங்க தெரியும்."

நறுக்கென்று குட்டு வாங்கிய மாதிரி இருந்தது. அவரை உட்காரவைத்து நானே தேடினேன். மங்கல் பற்றி மூன்று கட்டுரைகள், மூன்று பீரோக்களில்! தண்ணீரில் இரும்பு கூடினால் நிறம் மங்கும் என்று ஒன்றில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். "அட, போன வாரந்தானுங்க புது போர் தண்ணி விட்டோம்!" என்று எழுந்து ஓடினார்.

அன்றே எண்களை ஓரங்கட்டி, மங்கல், திட்டுத்திட்டான நிறம், சாயம் இறங்குவது எனக் கோளாறு வாரியாக அடுக்கினேன். ஒவ்வொரு தட்டிலும் அந்தந்தக் கோளாறு உள்ள துணியை மாட்ட ஆசை; அந்த மாஸ்டரிடமும் போனில் கேட்டுப் பார்த்தேன். ஆனால் கெட்ட துணியை எந்தப் பட்டறையும் வெளியே காட்டாது, மானப் பிரச்சினை. ஐந்தாம் நாள் அதே மாஸ்டர் ஒரு பை நிறையக் கெட்ட துணி கொண்டுவந்தார்!

"தண்ணிய மாத்துனோமுங்க, பளிச்சுனு வந்துருச்சு. இதையெல்லாம் மாட்டுங்க. பட்டறை பேரு மட்டும் போட்றாதீங்க."

அவர் சொல்லி மற்ற மாஸ்டர்கள் வந்தார்கள். கையிலிருந்த துணியைத் தட்டில் தொங்கும் துணியோடு ஒப்பிட்டு, தாங்களே கட்டுரையை எடுத்து நீட்டினார்கள்; நான் தமிழில் சொன்னேன். மாசக் கடைசியில் இயக்குநர் வந்தபோது உட்கார நாற்காலி இல்லை. நின்றபடியே கேட்டார்: "இன்னும் எத்தனை பீரோ வேணுமுங்க?" எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது!

இன்று மூன்று அறைகள். யார் வந்தாலும், என் பீரோவில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்கு முன், அவர் கையில் என்ன கொண்டுவந்திருக்கிறார் என்றுதான் பார்க்கிறேன்.