கைப்பிடிக்கு அடியில் ஒரு துளை

என் மேசையில் ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பை இருக்கிறது. கைப்பிடிக்கு அடியில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு துளை. விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனியில் உருப்படிகளைச் சரிபார்க்கும் மேசையில் என் எதிரே உட்கார்ந்திருந்த செக்கிங் அண்ணன் கொடுத்தது.

கனத்த உடம்பு அவருக்கு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வைக்கோல் மூட்டைமேல் குப்புற விழுந்தால் குறட்டை சூளைவரைக்கும் கேட்கும். ரயில் வந்துவிட்டது என்று கேலி செய்வோம். எழுந்தால் இரண்டு கண்ணும் சிவந்து நீர் வழியும். மண் தூசிதான் காரணம் என்று அவரும் சொன்னார், நாங்களும் நம்பினோம். எங்கள் தொழிலில் என்ன நோய் வந்தாலும் முதலில் மண்மேல்தான் பழி. அவர் கண்ணாடியை மாற்றினார், முகத்தில் துணி கட்டினார். பார்வை மங்குவது நிற்கவில்லை. துளை விழுந்த கோப்பைகள் அவர் கையைத் தாண்டிப் போயின. அவரைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டு, எல்லோரும் பார்த்ததைக் கடைசியாகப் பார்க்கும் அவர் நாற்காலியை எனக்குத் தரப்போவதாக முதலாளி சொன்னார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

கடலூரில் கண் டாக்டரிடம் துணைக்குப் போனதும் நான்தான். டாக்டர் மேல் இமையை விரலால் லேசாகத் தூக்கியதும் அது நைந்த ரப்பர் மாதிரி தானாகவே புரண்டுகொண்டது. எப்படிப் படுப்பீர்கள், குறட்டை உண்டா என்று கேட்டார். தொளதொளத்த இமை தூக்கத்தில் புரண்டு தலையணையில் உரசுகிறது, இமையோரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டதால் கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது என்றார். குறட்டைக்குத் தனியாகச் சோதனை எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "மண்ணு மேல பழியப் போட்டுட்டு இருந்திருக்கேன் தங்கச்சி. பேக்கிங்குக்கு நான் போவ மாட்டேன், பாத்துக்க."

முதலாளியிடம் இரண்டு மாதம் தவணை கேட்டார். குப்புறப் புரளாமல் இருக்கப் பனியனின் முன்பக்கம் ஒரு பந்தை வைத்துத் தைத்துக்கொண்டார். படுக்கும்போது கண்ணுக்கு மூடி போட்டார். டீ வேளையில் நாங்கள் வடை தின்போம், அவர் வெதுவெதுப்பான துணியை இமைமேல் வைத்திருந்துவிட்டு ஓரத்தை மெல்லத் துடைப்பார். வைக்கோல் மூட்டைப் பக்கம் திரும்பவேயில்லை.

தவணை முடிந்த அன்று முதலாளி வந்து நின்றார். அண்ணன், நான் பார்த்து முடித்த அடுக்கிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பி, கைப்பிடிக்கு அடியில் விரல் வைத்துக் காட்டினார்.

"இது நீ பாஸ் பண்ணது தங்கச்சி. வச்சிக்க."

முதலாளி அப்புறம் மாற்றல் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு முகம் சுண்டிப்போனது.

அண்ணன் வயதாகி வேலையிலிருந்து நின்று ஸ்ரீமுஷ்ணத்தில் மகளோடு இருக்கிறார். அந்த நாற்காலியில் இப்போது நான். தினமும் வேலையைத் தொடங்குமுன் இந்தக் கோப்பையைத் திருப்பித் துளையைப் பார்த்துக்கொள்வேன். இன்று காலை அது கண்ணில் படவில்லை. விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். பக்கத்திலிருந்தவள் தூசியாக இருக்கும் என்றாள். நான் லீவு சொல்லிவிட்டுக் கடலூர் பஸ் ஏறிவிட்டேன்.